பனிக்காலத்துக்கு உழவு இயந்திரத்தை ஆயத்தம் செய்வது எப்படி?

கேள்வி இதுதான்: ஸ்காபரோவில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு, இந்தக் கோடையில் ஒன்ராறியோவின் ஷெல்பேர்னுக்கு வடக்கே ஐந்து ஏக்கர் காணியுடன் வீடு வாங்கியிருக்கிறீர்கள். வாசலிலிருந்து தெரு வரை 90 மீற்றர் சரளைப் பாதை. முன்னைய உரிமையாளர் 2009-ஆம் ஆண்டின் 33 குதிரைவலு டீசல் உழவு இயந்திரத்தையும், முன்வாளியையும், பின்னால் பூட்டிப் பனியை வாரி வீசும் ஸ்னோ புளோவரையும் வீட்டோடு சேர்த்தே விற்றுவிட்டார். டீசலில் மண்ணெண்ணெய் கலக்கும்படியும், ஈதர் ஸ்பிரே ஒன்றைக் கைவசம் வைத்திருக்கும்படியும் அயலவர் சொல்கிறார். அது சரியா, ரயருக்குச் சங்கிலி வேண்டுமா, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

ஷெல்பேர்ன் என்று வாசித்ததுமே எழுத உட்கார்ந்துவிட்டேன். ஹியூரன் ஏரியையும் ஜோர்ஜியன் குடாவையும் தாண்டி வரும் காற்று, தென் ஒன்ராறியோவின் மிக உயர்ந்த நிலமான டண்டோக் மேட்டில் ஏறும்போது, சுமந்து வந்த ஈரத்தை எல்லாம் உங்கள் தலையில்தான் கொட்டும். ஸ்காபரோவில் ஒரு சவளால் சமாளித்த அதே நாளில் உங்கள் பாதையில் முழங்கால் அளவு பனி கிடக்கலாம்.

நான் பரந்தனில் அப்பாவின் மேசி பேர்குசன் 135-இல் உழவு பழகியவன். இங்கே பதினான்கு பனிக்காலம் ஒரு சிறிய டீசல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அந்த மேசி என்ற பெயர் 1847-இல் இதே ஒன்ராறியோவின் நியூகாசிலில் ஒரு பட்டறையாகத் தொடங்கியது என்பது இங்கே வந்த பிறகுதான் தெரியும். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போகும்போது அந்த ஊர்ப் பலகையைக் கண்டால் இன்றைக்கும் அப்பாவின் நினைவு வரும். ஊரில் படித்த பாடத்தில் பாதி இங்கே கைகொடுத்தது. மீதிப் பாதி என்னைப் பனிக்குள் நிறுத்தி வைத்தது. இரண்டையும் சொல்கிறேன்.

இரும்புக்குக் குளிர் பெரிய பொருட்டல்ல. இயந்திரத்துக்குள் எங்கெல்லாம் தண்ணீர் ஒளிந்திருக்கிறதோ அங்கெல்லாம்தான் ஜனவரியில் வழக்கு வரும். டீசல் தாங்கியின் அடியில் தண்ணீர் இருக்கும். ஹைட்ரோலிக் எண்ணெயில் இருக்கும். ரேடியேற்றரிலும் பற்றரியிலும் இருக்கத்தான் வேண்டும், ஆனால் அளவோடு. சில வேளை ரயருக்குள்ளும் இருக்கும். ஒக்டோபரில் செய்யும் வேலையில் பெரும்பகுதி இந்தத் தண்ணீரைத் தேடிப் பிடிப்பதுதான். ஆகவே தீபாவளிப் பலகாரம் சுடத் தொடங்கும் முன் கொட்டிலுக்குள் போய்விடுங்கள்.

டீசலில் தொடங்குவோம். மார்கழி விடியற்காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். டீசலிலும் அப்படி உறையும் மெழுகு இருக்கிறது. குளிர் ஏற ஏற முதலில் எண்ணெய் மங்கும், பிறகு மெழுகு சிறு பளிங்குகளாகத் திரளும், கடைசியில் அந்தத் திரள் வடிகட்டியை அடைத்துவிடும். இதனால்தான் இங்குள்ள நிரப்பு நிலையங்களில் கோடைக்கு ஒரு டீசலும் பனிக்காலத்துக்கு வேறு டீசலும் வருகின்றன. குழாய் ஒன்றுதான், உள்ளே வரும் கலவை மாறும். மக்கள் அடிக்கடி நிரப்பும் நிலையமென்றால் நவம்பரில் உங்களுக்குப் புதுக் கலவை கிடைத்துவிடும். உங்கள் தாங்கிக்குள் இருப்பதோ பழைய உரிமையாளர் ஓகஸ்டில் புல் வெட்டுவதற்கு நிரப்பியது. கொட்டில் மூலையில் மஞ்சள் கானிலும் இருபது லீற்றர் மிச்சம் இருக்கும். எல்லாம் கோடை டீசல்.

என் முதல் பனிக்காலத்தில் எனக்கு இது தெரியாது. ஒரு ஜனவரிக் காலை, மைனஸ் 26 பாகை. திறப்பைத் திருப்பினேன், பிடித்துக்கொண்டது. பெருமையோடு பாதையின் பாதித் தூரம் வரை பனி தள்ளினேன். பத்து நிமிடம் இருக்கும், எஞ்சின் மூச்சுத் திணறுவதுபோல் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது. நடுப்பாதையில் இயந்திரம், அதற்குப் பின்னால் வேலைக்குப் போகவேண்டிய மனைவியின் கார். வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தேன். உள்ளே அதே மார்கழித் தேங்காய் எண்ணெய். குழாயிலும் வடிகட்டியிலும் இருந்த கொஞ்ச டீசலில் எஞ்சின் கிளம்பியிருக்கிறது. தாங்கியிலிருந்து மெழுகு வந்து படியப் படிய மூச்சு அடைபட்டிருக்கிறது. குளிரில் கிளம்பிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிற்கும் எஞ்சினில் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எனவே ஒக்டோபர் முடிவதற்குள் கடைசிப் புல்லையும் வெட்டி, தாங்கியில் உள்ளதை ஓட்டித் தீர்த்துவிடுங்கள். வடிகட்டியின் அடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். டீசலுக்கு அடியில் தெளிவான சிறு குமிழிகளாகத் தண்ணீர் உருளும். அதை வடித்துவிட்டுப் புது வடிகட்டி பூட்டுங்கள். இன்னொன்றை வாங்கி வீட்டுக்குள் வைத்திருங்கள், ஏனென்றால் இது அடைபடுவது எப்போதும் கடை பூட்டியிருக்கும் நாளில்தான். நவம்பரில் புது டீசல் நிரப்பும்போது உறைவைத் தடுக்கும் திரவத்தை முதலில் தாங்கியில் ஊற்றி, அதன்மேல் டீசலை விடுங்கள், தானாகக் கலந்துவிடும். எண்ணெய் மங்குவதற்கு முன் ஊற்றினால்தான் இந்தத் திரவத்தால் பயன் உண்டு. திரண்டுவிட்ட மெழுகை அது கரைக்காது. அதற்கு வேறு திரவம் இருக்கிறது. இங்கே பெரும்பாலான கடைகளில் ஒரே நிறுவனத்தின் வெள்ளைப் போத்தலும் சிவப்புப் போத்தலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வெள்ளை வருமுன் காப்பதற்கு, சிவப்பு வந்த பின் மீள்வதற்கு. சிவப்பையே வழக்கமாக ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள், காசுக்குக் கேடு. பனிக்காலம் முழுவதும் தாங்கியை நிரப்பியே நிறுத்துங்கள். பாதித் தாங்கி என்றால் மீதி இடத்தில் காற்று, காற்றில் ஈரம், அந்த ஈரம் இரவில் வியர்த்துத் தண்ணீராகி அடியில் இறங்கும்.

மீறி உறைந்துவிட்டால் வடிகட்டியை மாற்றி, சிவப்புத் திரவத்தை விட்டு, இயந்திரத்தைச் சூடான இடத்துக்கு இழுத்துப் போங்கள், இல்லையேல் தார்ப்பாயால் மூடி மின் ஹீற்றர் வைத்துப் பக்கத்திலேயே நில்லுங்கள். தாங்கிக்குக் கீழே நெருப்பு மூட்டும் யோசனை யாருக்கு வந்தாலும் அவரைத் தேநீர் போட வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

அயலவரின் மண்ணெண்ணெய் யோசனை பழைய காலத்து விவசாயியின் யோசனை, பைத்தியக்காரத்தனம் அல்ல. மண்ணெண்ணெயில் மெழுகு குறைவு. கலந்தால் டீசல் உறையும் அளவு உண்மையாகவே கீழே போகும். ஆனால் டீசல் பம்பும், டீசலை எஞ்சினுக்குள் பீச்சும் இன்ஜெக்ரரும் தமக்கு வேண்டிய உயவை டீசலிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்புக் குறைவு, வலுவும் சற்றுக் குறையும். பனிக்கால டீசல் கிடைக்கும் நாட்டில் இதற்குத் தேவையே இல்லை. மண்ணெண்ணெய் என்றதும் நம்மவர்களுக்குத் தைரியம் வந்துவிடுவதுதான் ஆபத்து. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணமே மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில்தான் ஓட்டியது. நான்கு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். அந்தக் கைப்பழக்கம் இந்த டீசல் எஞ்சினிடம் செல்லாது. பெற்றோலை ஒரு துளியும் கலக்காதீர்கள்.

அதே கைப்பழக்கம்தான் ஈதர் ஸ்பிரேயையும் வாங்க வைக்கும். கிளம்பாத எஞ்சினின் காற்றுக் குழாயில் ஒரு முறை புஸ்ஸென்று அடித்தால் அது பிடித்துக்கொள்ளும் என்று பலர் சத்தியம் செய்வார்கள். உங்கள் இயந்திரத்தின் வகையிலும் அந்த வயதிலும் உள்ள சிறிய டீசல் எஞ்சின்களில் பெரும்பாலும் குளோ பிளக் இருக்கும். கிளப்புவதற்கு முன் எரி அறையைச் சூடாக்க நெருப்புத் துண்டு போலச் சிவக்கும் கம்பி அது. ஈதர் ஆவி அதன்மேல் பட்டால், பிஸ்ரன் மேலே ஏறி முடிவதற்கு முன்பே வெடித்துவிடும். வளையம் உடையலாம், பிஸ்ரன் உடையலாம், பிஸ்ரனைத் தாங்கும் தண்டு வளையலாம். உங்கள் கையேட்டில் இதற்கென்று ஓர் எச்சரிக்கைக் கட்டம் இருக்கும், தேடிப் பாருங்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் அயலவருக்கே பரிசாகக் கொடுத்துவிடுங்கள். குளோ பிளக் விளக்கு அணையும் வரை திறப்பைப் பிடித்திருங்கள். கடுங்குளிரில் ஒரு முறைக்கு இரண்டு முறை சூடாக்கிவிட்டுக் கிளப்புங்கள். அப்போதும் கிளம்பவில்லை என்றால் குளோ பிளக்கில் ஒன்று செத்திருக்கும், அல்லது பற்றரி தளர்ந்திருக்கும், அல்லது டீசல் வந்து சேரவில்லை. மல்ரிமீற்றர் இருந்தால் குளோ பிளக்கைப் பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம்.

ஈதருக்குச் செலவழிக்கும் காசை புளொக் ஹீற்றரில் போடுங்கள். எஞ்சின் உடம்புக்குள் குளிர்விக்கும் நீரைச் சூடாக்கும் சிறிய மின் ஹீற்றர் அது. வட டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸில் ஆண்ட்ரு ஃபிரீமன் என்ற மின்பொறியியலாளர் தம் காரின் எஞ்சினைச் சூடாக்க ஒன்றைச் செய்து 1949-இல் காப்புரிமை பெற்றார். அந்தக் குளிரில் இருந்தவருக்குத்தான் அது தோன்றியிருக்கும். உங்கள் இயந்திரத்தில் ஏற்கெனவே இருக்கக்கூடும். முன் கிறிலுக்குப் பக்கத்திலோ ரேடியேற்றருக்குப் பின்னாலோ ஒரு மின் வயரின் தலை தொங்குகிறதா என்று பாருங்கள். இருந்தால் மின்னில் பூட்டிவிட்டுக் காதை எஞ்சினுக்குப் பக்கத்தில் வையுங்கள். கேத்தில் கொதிக்கத் தொடங்கும் முன் எழுப்புமே, அதே மெல்லிய இரைச்சல் கேட்டால் ஹீற்றர் உயிரோடு இருக்கிறது. கிளப்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் பூட்டினால் போதும். நான் ஒரு நேரக்கட்டுப்பாட்டுச் சொடுக்கியை வைத்து அதிகாலை நான்கு மணிக்குத் தானாக எரியவிடுகிறேன். இரவு முழுவதும் எரிய விடுவது மின்சாரக் கட்டணத்துக்கு மட்டுமே உதவும். வெளியே பாவிக்கும் தடித்த வயராகப் பாருங்கள், கிறிஸ்மஸ் விளக்கு வயர் சூடேறி உருகும்.

இனி ரேடியேற்றர். முன்னைய உரிமையாளர் கோடையில் அளவு குறைந்தபோதெல்லாம் தோட்டத்துக் குழாயிலிருந்து தண்ணீர் விட்டிருந்தால் அது அவர் பிழை இல்லை, எல்லோரும் செய்வதுதான். உறைந்து வெடிப்பது மட்டும் உங்கள் எஞ்சின். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய ஒன்பது வீதம் பருக்கும். அந்த வேகத்துக்கு வார்ப்பிரும்பும் பிளந்துபோகும். சில டொலருக்கு விற்கும் சோதனைக் குழாயால் ஒரு முறை உறிஞ்சிப் பார்த்தால் எந்தப் பாகை வரை தாங்கும் என்று சொல்லிவிடும். ரேடியேற்றருக்கென்று விற்கும் உறைதடுப்புத் திரவமான எத்திலீன் கிளைக்கோலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும், உங்கள் ஊருக்கு அது போதும். இன்னும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று தண்ணீரே கலக்காமல் முழுக் கிளைக்கோலை நிரப்புபவர்கள் இருக்கிறார்கள். தனிக் கிளைக்கோல் மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும்! தண்ணீரும் அதுவும் கலக்கும்போதுதான் இரண்டும் ஒன்றையொன்று உறையவிடாமல் தடுக்கின்றன. கலப்பதற்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், வடித்த நீர் வாங்குங்கள். பழையதை வடிக்கும்போது நாயும் பூனையும் பக்கத்தில் வராமல் பாருங்கள். இனிப்பாக இருக்கும், நக்கினால் உயிரைக் கொல்லும்.

பற்றரி மைனஸ் 18-இல் தன் பலத்தில் பாதியை இழந்து நிற்கும். அதே நேரத்தில் தடித்துப்போன எண்ணெயோடு எஞ்சினைச் சுழற்ற வழக்கத்தைவிடக் கூடிய பலம் வேண்டும். ஆகவே கோடையில் சரியாகக் கிளம்பியது என்பது பனிக்காலத்துக்குச் சாட்சி இல்லை. ஓரிரவு ஓய்வில் விட்டு அளந்தால் 12.6 வோல்ற் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். முழுதாக ஏற்றிய பற்றரி உங்கள் ஊர்க் குளிரில் உறையவே உறையாது. முற்றாக இறங்கியதோ மைனஸ் 10-க்கு முன்பே உறைந்து, பக்கங்கள் வயிறு ஊதினாற்போல் புடைத்துவிடும். அப்படிப் புடைத்த பற்றரிக்கு இன்னொரு காரிலிருந்து வயர் கொடுக்காதீர்கள், சார்ஜரும் பூட்டாதீர்கள், வெடிக்கும். புதிதாக வாங்கும்போது குளிர்க் கிளப்பல் அம்பியரைப் பார்த்து வாங்குங்கள். அது மைனஸ் 18-இல் அரை நிமிடம் தாக்குப்பிடிக்கும் மின்னோட்டத்தின் அளவு.

எஞ்சின் எண்ணெய் விடயம் சின்னது. முன்னையவர் 15டபிள்யூ-40 ஊற்றியிருப்பார். அந்த டபிள்யூ பனிக்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 15 என்ற எண்ணெய் மைனஸ் 20 பாகையில் ஸ்ராட்டர் சுழற்றக்கூடிய தடிப்பில் இருக்கிறதா என்று சோதிக்கப்பட்டது. 5 என்றால் அந்தச் சோதனை மைனஸ் 30-இல். கையேடு அனுமதித்தால் செயற்கை 5டபிள்யூ-40 ஊற்றுங்கள், கோடைக்கும் அதையே விடலாம்.

ஹைட்ரோலிக் எண்ணெயை எவரும் பார்ப்பதே இல்லை. சிறிய இயந்திரங்களில் கியர்ப் பெட்டி, முன்வாளி, பின்தூக்கி எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே எண்ணெய்தான் ஓடும். அது முப்பது நாற்பது லீற்றர் கொள்ளும், மாற்றினால் காசு கரையும், அதனால் ஒவ்வொருவரும் அடுத்த ஆளுக்கு விட்டுவைப்பார்கள். உள்ளே காற்று வந்து போகும் துவாரம் வழியாக வருடக்கணக்கில் ஈரம் சேரும். அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் நல்லது. பால் விட்ட தேநீர் போல மங்கியிருந்தால் அது தண்ணீர். மைனஸ் 15-இல் அந்தத் தண்ணீர் உறைந்து உறிஞ்சும் வலையை மூடிவிடும். முன்வாளியைத் தூக்கப் போனால் பம்பு ஊளையிடும், வாளி அசையாது. அந்த ஊளையைக் கேட்டும் பிடியை இழுத்துக்கொண்டிருந்தால் பம்பின் கதை முடிந்தது. நான் ஒரு முறை நாலைந்து செக்கன் இழுத்துப் பார்த்து, பிறகு எண்ணூறு டொலர் பம்பு ஒன்று வாங்கினேன். பால் நிறம் கண்டால் இந்த ஒக்டோபரிலேயே எண்ணெயையும் வடிகட்டிகளையும் மாற்றுங்கள். இருக்கை விரிப்பை எடுத்து, கியர்ப் பிடியின் இறப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மழையில் நின்ற இயந்திரத்துக்குள் தண்ணீர் இறங்கும் வாசல் பெரும்பாலும் அதுதான்.

எண்ணெய் சுத்தமாக இருந்தாலும் குளிரில் தேன் போல் தடித்திருக்கும். கிளம்பியவுடன் வேலைக்கு இறங்காதீர்கள். நிமிடத்துக்கு 1200 முதல் 1500 சுற்றில் விட்டுவிட்டு, பத்து நிமிடம், மைனஸ் 20-க்குக் கீழே என்றால் இருபது நிமிடம் பொறுங்கள். எத்தனை பாகைக்கு எத்தனை நிமிடம் என்று கையேட்டில் இருக்கும். அந்த நேரத்தில் நான் இயந்திரத்தைச் சுற்றி நடந்து போல்ற் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன், பிறகு வாளியை மெதுவாக ஓரிரு முறை ஏற்றி இறக்குவேன். கொட்டிலின் கதவு திறந்தே இருக்க வேண்டும். பூட்டிய கொட்டிலுக்குள் எஞ்சினைச் சூடாக்கி உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். மறுபக்கம், மணிக்கணக்கில் சும்மா ஓட விடுவதும் கூடாது. குறைந்த சுற்றில் டீசல் முழுதாக எரியாமல் கரியாகப் படியும். உங்களுடையதைவிடப் புதிய, 25 குதிரைவலுவுக்கு மேற்பட்ட இயந்திரங்களில் புகைக்குழாயிலுள்ள கரி வடிகட்டி இதனால் அடிக்கடி அடைபடும். உங்களுடைய 2009 அந்தத் தலையிடிக்கு முந்தியது.

இனிச் சங்கிலி. அதற்கு முன் இயந்திரம் எப்படி நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கிலியைவிட இது முக்கியம். பெரும்பாலான சிறிய உழவு இயந்திரங்களில் பிரேக் பின்சில்லுகளில் மட்டும்தான். முன்வாளியில் ஈரப்பனியை நிறைத்துத் தூக்கினால் பாரம் முன்னுக்குப் போகும், பின்சில்லு தரையை மெல்லத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். சிறு இறக்கத்தில் பிரேக்கை மிதியுங்கள்: பின்சில்லு பூட்டிக்கொள்ளும், இயந்திரம் தன்பாட்டில் வழுக்கிப் போகும். நான் என் கடிதப் பெட்டியை அப்படித்தான் முதல் வருடம் சாய்த்தேன். கால் பிரேக்கில் முழுதாக இருந்தது, பெட்டி மெதுவாக, மிக மெதுவாக எனக்குக் கிட்ட வந்தது. நான்கு சில்லு இழுவையைப் பூட்டியிருந்தால் பின்பிரேக்கின் பிடி அச்சுக்கள் வழியாக முன்சில்லுக்கும் போயிருக்கும். ஆகவே பனியில் நான்கு சில்லு இழுவையை இறக்கத்துக்கு முன்பே போடுங்கள், வழுக்கத் தொடங்கிய பின் அல்ல. வாளியை முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். பின்னால் ஸ்னோ புளோவர் பூட்டியிருப்பதே உங்களுக்கு நல்ல எதிர்ப்பாரம். அதைக் கழற்றிவிட்டு வாளியால் மட்டும் வேலை செய்யும் நாளில் பின்னுக்கு வேறு பாரம் தூக்குங்கள். இயந்திரம் புரண்டால் உங்களைக் காக்கும் உருளல் காப்புச் சட்டத்தை நிமிர்த்தி, இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பின்ரயருக்குள் பாரத்துக்காகத் திரவம் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வால்வைக் கீழ்ப்பக்கத்துக்குச் சுழற்றி ஊசியை மெல்ல அழுத்தினால் காற்று மட்டும் வருகிறதா, திரவம் வருகிறதா என்று தெரியும். கல்சியம் குளோரைட் கரைசல் என்றால் உறையாது, ஆனால் கசிந்தால் றிம்மை அரித்துக் கறல் பிடிக்க வைக்கும். பழுப்பாக, பாணி மாதிரி வந்தால் அது சர்க்கரைப் பீட் சாறு, இங்கே பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். நீலமாக வந்தால் காரின் கண்ணாடி கழுவும் திரவம். நிறமே இல்லாமல், பிசுபிசுப்பும் இல்லாமல் வந்தால் வெறும் தண்ணீராக இருக்கக்கூடும். அது உறைந்தால் ரயருக்குள் ஒரு பனிப்பாறையைச் சுமந்து ஓடுவீர்கள், இப்போதே வடித்துவிடுங்கள்.

உங்கள் ரயர் அகன்ற தட்டைக் கட்டைகள் கொண்ட தொழிற்சாலை வகை என்றால் பனிக்கட்டியில் அது சோப்புக் கட்டி. பாதை சமதரை என்றால் முதல் வருடம் சங்கிலி இல்லாமலே பார்க்கலாம். சரிவு இருந்தால் பின்சில்லுக்குச் சங்கிலி வாங்குங்கள், ஏணி வடிவத்தை விட வைர வடிவப் பின்னல் பக்கவாட்டு வழுக்கலையும் பிடிக்கும். வாங்குமுன் ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். என் நண்பர் ஒருவர் அளக்காமல் பூட்டி, முதல் சுற்றிலேயே ஹைட்ரோலிக் குழாயை உரித்தெடுத்தார்.

ஸ்னோ புளோவரை நிலம் உறைவதற்கு முன் ஒரு முறை பூட்டி, பனி இல்லாத நாளிலேயே ஓட்டிப் பாருங்கள். கியர்ப் பெட்டியின் எண்ணெய், எஞ்சினின் வலுவைப் பின்னால் பூட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் பி.ரி.ஓ. என்ற சுழல்தண்டின் காப்புறை, சங்கிலி இறுக்கம் ஆகியவற்றைப் பார்க்கும் நாள் அதுதான். கல்லோ கட்டையோ சிக்கினால் தான் உடைந்து கியரைக் காப்பாற்றும் உடைபோல்ற் ஒன்று அதில் இருக்கும். அது அடிக்கடி உடைகிறதென்று இரும்புக் கடையில் கெட்டியான போல்ற் வாங்கிப் போடாதீர்கள். அது உடையாது, கியர்ப் பெட்டிதான் உடையும். சரியான போல்ற் ஆறேழு வாங்கி, போல்ற் கழற்றும் சாவியோடு சேர்த்து இருக்கைக்குப் பக்கத்தில் வைத்திருங்கள். உங்களுடையது சரளைப் பாதை, ஆகவே அடியிலுள்ள சறுக்குப் பாதங்களைச் சரிசெய்து வாயை நிலத்திலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். முதல் இரண்டு பனியை வழிக்காமல் மிதித்து இறுக்கிவிட்டால் சரளைக்கு மேல் ஓர் உறைந்த தளம் கிடைக்கும். இதைச் செய்யாத வருடம் என் சாப்பாட்டறை யன்னலில் ஒரு கல் போயிற்று.

நவம்பரிலேயே பாதையின் இரு ஓரத்திலும் உயரமான செம்மஞ்சள் குச்சிகளை நட்டுவிடுங்கள், நிலம் உறைந்த பின் சுத்தியலுக்கும் இறங்காது. பனி மூடிய பின் பாதை எது, பூமரப் பாத்தி எது என்று உங்களுக்கே தெரியாது. பனியை வழிக்கத் தொடங்கும் முதல் நாளிலேயே பாதையைத் தேவைக்கு அகலமாகத் திறந்துவிட வேண்டும். ஓரத்தில் குவிந்த பனி உறைந்து மதிலாகிவிட்டால் பெப்ரவரியில் பாதை கார் ஒன்று மட்டும் போகும் ஒழுங்கையாகச் சுருங்கியிருக்கும். பனியைத் தெருவுக்கு மறுபக்கம் தள்ளிவிடுவது வசதியாகத் தோன்றும், ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181-ஆம் பிரிவு தெருவில் பனி போடுவதைத் தடுக்கிறது. கவனமாக இருங்கள். இயந்திரத்தைத் தெருவில் ஓட்டிப் போவதென்றால் பின்னால் செம்மஞ்சள் முக்கோணப் பலகை வேண்டும்.

ஈரப்பனி என்றால் ஸ்னோ புளோவரின் வீசுகுழாய் அடைக்கும். கையை விடாதீர்கள். பி.ரி.ஓ.வை நிறுத்தி, எஞ்சினை நிறுத்தி, திறப்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டபின், தடியால்தான் குத்தி எடுக்க வேண்டும். இதில் நான் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்று கண்ணால் கண்ட பின்தான் நான் பி.ரி.ஓ.வைப் போடுவேன், பின்னால் பார்த்துக்கொண்டே பின்னோக்கி ஓட்டும் வேலை இது. கழுத்துவலிக்கு என்னிடம் மருந்து இல்லை.

வேலை முடிந்ததும் எஞ்சின் சூட்டோடு இருக்கும்போதே கிறீஸ் அடியுங்கள். மூட்டுக்குள் புகுந்த உருகுநீரைப் புதுக் கிறீஸ் வெளியே தள்ளிவிடும், விட்டுவைத்தால் இரவில் உறையும். வாளியையும் ஸ்னோ புளோவரையும் இறக்கும்போது அடியில் பலகைத் துண்டுகளை வையுங்கள். ஈர நிலத்தில் இறக்கிவிட்டுப் போனால் காலையில் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், பலமாக இழுத்தால் எது முதலில் உடையும் என்று சொல்ல முடியாது. பனி ஒட்டிய இயந்திரத்தைச் சூடான கராச்சுக்குள் விட்டுப் பாதி உருகியதும் மீண்டும் வெளியே எடுப்பதுதான் மிகக் கெட்டது, உருகிய நீர் பிரேக் கம்பிகளில் போய் உறையும். குளிர்க் கொட்டிலிலேயே நின்றால் பனியை விளக்குமாற்றால் தட்டிவிட்டால் போதும். கொட்டிலில் எலி இருந்தால் காற்று வடிகட்டிப் பெட்டியைக் கிழமைக்கொரு முறை திறந்து பாருங்கள், அதைவிட வசதியான வீடு எலிக்கு அந்தச் சுற்றாடலிலேயே கிடையாது.

இந்த வார இறுதியில் டீசல் கிண்ணத்தையும் ஹைட்ரோலிக் எண்ணெயின் அளவுக் கம்பியையும் பார்த்துவிடுங்கள். பின்ரயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் அளவையும், உங்கள் பாதையில் சரிவு எங்கே இருக்கிறது என்பதையும் எழுதினால் எந்தச் சங்கிலி சரிவரும் என்று சொல்கிறேன்.